சிங்கப்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

(கூட்டமைப்பின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் தள்ளுவண்டியில் இட்லிக்கடை போட்டிருக்கிறேன். "ரெண்டா மூணா, சாம்பார் ஊத்தவா" என்பதற்கு மேல் அங்கே பேச்சு கிடையாது. தலைவி அக்காதான் போன மாதக் கூட்டத்தில், "நீ சிங்கப்பூர் போயிட்டு வந்தேல்ல, பார்த்ததைச் சொல்லு, பத்து நிமிஷம்" என்று மாட்டிவிட்டார்கள். நான் அங்கே இருந்தது ஒரே ஒரு பகல். ஒரு பகலில் பார்த்ததைச் சொல்ல என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்துப் போனேன்.

உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், என் தங்கச்சி 2019-ல் வீட்டு வேலைக்குச் சிங்கப்பூர் போனாள். அவள் வீட்டுக்காரர் தவறிப்போய் ஒரு வருஷம் ஆகியிருந்த நேரம். பெண்பிள்ளை அப்போது ஏழாம் வகுப்பு. ஏஜென்ட் கேட்டது 1,30,000 ரூபாய். நம்ம குழுவில் என் பேரில் 40,000 உள்கடன் எடுத்தோம். இரண்டு பேர் நகையையும் அடகு வைத்து 50,000. மிச்சம் 40,000 வட்டிக்காரரிடம். பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். 2021-ல் அம்மா இறந்தபோது கொரோனா. அவளால் வர முடியவில்லை, செல்போனில்தான் முகம் பார்த்தாள். அடுத்த வருஷம் பதினைந்து நாள் லீவில் வந்தாள், போனாள். அவ்வளவுதான்.

இந்த வருஷம் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. வேலை செய்கிற வீட்டில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்து கேட்கிறார்கள். நான், "போதும் தாயி, வந்துடு. இட்லிக்கடைய ரெண்டாப் போடுவோம்" என்றேன். அவள், "நீ ஒரு தடவை வந்து பாத்துட்டுச் சொல்லுக்கா" என்று டிக்கெட்டுக்குப் பணம் அனுப்பினாள். சரி, கையோடு கூட்டிக்கொண்டு வரச் சம்மதம் வாங்கிவிடலாம் என்றுதான் கிளம்பினேன். ஊர் பார்க்கிற ஆசையும் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

அவளுக்கு லீவு மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறு. அங்கே ரூம் வாடகை நமக்குக் கட்டாது. அதனால் திருச்சியில் சனிக்கிழமை ராத்திரி ஏர்போர்ட்டுக்குப் போய், விடியற்காலை இரண்டு மணிக்கு விமானம் ஏறி, ஞாயிறு ராத்திரியே திரும்ப ஏறுவது என்று ஏற்பாடு. விசா வாங்கிய கதையைச் சொன்னால் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த ஊருக்குள் நுழைய, போவதற்கு மூன்று நாளைக்குள் கம்ப்யூட்டரில் ஒரு வருகை அட்டை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணமே கிடையாது. எங்கள் ஊரில் ஒரு கடையில் அதற்கு 300 ரூபாய் கேட்டார்கள். தங்கச்சி மகள் செல்போனிலேயே நிரப்பிக் கொடுத்துவிட்டாள்.

நாலு மணி நேரத்துச் சொச்சம் பயணம். நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தின ஊர் என்பதால் இறங்கும்போது ஒன்பதைத் தொட்டுவிட்டது. சாங்கி ஏர்போர்ட்டில் தரையெல்லாம் கம்பளம். செருப்பைக் கழற்ற வேண்டுமோ என்று ஒரு நிமிஷம் நின்றேன், சிரிக்காதீர்கள். வெளியே வந்து ஒரு மணி நேரம் காத்திருந்தேன். தங்கச்சி ஓடி வந்தாள். லீவு நாள் என்றாலும் அந்த வீட்டுப் பாட்டியை எழுப்பி, குளிக்க வைத்து, கஞ்சி கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப முடியுமாம். முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி அது. "காயவைக்க நேரமில்லக்கா" என்றாள், அவ்வளவுதான்.

என் கையில் ஒரு அட்டையைக் கொடுத்தாள். அதில் முன்பே காசு ஏற்றி வைத்திருந்தாள். ரயில் ஸ்டேஷன் வாசலில் அதைத் தொட்டால் கதவு திறக்கிறது, இறங்கும் இடத்தில் மறுபடி தொட்டால் போன தூரத்துக்குக் காசு கழிகிறது. பஸ்ஸுக்கும் அதே அட்டை. எம்.ஆர்.டி. என்று சொல்லும் இந்த ரயிலை 1987-ல் ஓட்ட ஆரம்பித்தார்களாம். தண்டவாளம் தெரியாதபடி கண்ணாடிச் சுவர். ரயில் வந்து நின்ற பிறகுதான் அதில் கதவு திறக்கும். நகரும் படிக்கட்டில் நிற்கிறவர்கள் எல்லாம் இடது பக்கம், அவசரக்காரர்களுக்கு வலது பக்கம். நான் நடுவில் நின்றேன். பின்னால் ஒருத்தர் இருமினார். தங்கச்சி என் கையைப் பிடித்து இடது பக்கம் இழுத்தாள். சின்ன வயசில் சந்தைக்குப் போகும்போது நான் அவளை இழுத்தது போலவே.

தானா மேராவில் ஒரு மாற்றம், பூகிஸில் இன்னொரு மாற்றம். சுவரில் இருந்த ரயில் படத்தை ஒரு பார்வை பார்த்தாள், போய்க்கொண்டே இருந்தாள். அறந்தாங்கிக்கு எந்த பஸ் என்று பத்துப் பேரிடம் கேட்ட பிள்ளை இவள். லிட்டில் இந்தியாவில் இறங்கினோம். ஸ்டேஷன் பலகையில் தமிழ். அங்கே ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் நாலும் ஆட்சிமொழி. ரூபாய் நோட்டிலும், அவர்கள் கணக்கில் வெள்ளி நோட்டிலும், 'சிங்கப்பூர்' என்று தமிழில் அச்சடித்திருக்கிறது. கப்பல் ஏறிப் போய் ரோடு போட்டவர்களும் மூட்டை தூக்கியவர்களும் கொண்டுபோய் வைத்த மொழி. சௌத் பிரிட்ஜ் ரோட்டில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறதாம், 1827-ல் உண்டானது. அங்கே போக நேரமில்லை. சிராங்கூன் ரோட்டில் வீரமாகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டுத் தேக்கா மார்க்கெட்டுக்குள் போனோம்.

அக்காமார்களே, இங்கேதான் நான் அதிக நேரம் நின்றேன். தங்கச்சி, "ஊரு பாக்க வந்தியா, கடை பாக்க வந்தியா" என்று அலுத்துக்கொண்டாள். ஒரு பக்கம் மீன், கறி, முருங்கைக்காய், வாழைத்தண்டு. இன்னொரு பக்கம் பெரிய கூடத்தில் வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். ஒரு கடையில் தோசை, அடுத்ததில் பிரியாணி, தாண்டினால் சீனர் கடையில் நூடுல்ஸ், மலாய்க்காரர் கடையில் தேங்காய்ப்பால் சோறு. ஒவ்வொரு கடையும் நம்ம ஊர்ப் பெட்டிக்கடையைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தண்ணீர்க் குழாய் இருக்கிறது, கழுவுகிற தொட்டி இருக்கிறது, தண்ணீர் ஓடச் சாக்கடை இருக்கிறது, தலைக்கு மேலே கூரையும் விளக்கும் இருக்கிறது. கடை முன்னால் சுத்தத்துக்கு மதிப்பெண் போட்ட அட்டை மாட்டியிருக்கிறது, ஏ, பி, சி என்று. சாப்பிட வருகிறவர் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

இந்தக் கடைக்காரர்கள் எல்லாம் ஒரு காலத்தில் என்னைப் போலத் தெருவில் வண்டி தள்ளினவர்களின் வாரிசு. 1965-ல் சிங்கப்பூர் தனி நாடானபோது ரோடெல்லாம் தள்ளுவண்டிதான். எச்சில் தண்ணீர் சாக்கடையில், சாக்கடை ஆற்றில். 1968, 69-ல் அரசாங்கம் வண்டிக்காரர்களை ஒவ்வொருத்தராக எழுதி எடுத்தது. லைசென்ஸ் கொடுத்தது. பிறகு இந்த மாதிரிக் கூடங்களைக் கட்டிக் கட்டி அதற்குள் மாற்றியது. அந்த வேலை முடிய 1986 வரை ஆயிற்று. முதலில் பெயரை எழுதினார்கள், பிறகு இடத்தைக் கட்டினார்கள், அதற்குப் பிறகுதான் தெருவைக் காலி பண்ணச் சொன்னார்கள். நம்ம பக்கம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பெரிய ஆபீசர் வருகிறார் என்றால் காலையில் வந்து, "வண்டிய எடு" என்பார்கள். எங்கே எடுத்துக்கொண்டு போவது? போன வருஷம் அப்படி எடுத்ததில் என் இட்லிக் கொப்பரை நசுங்கிப் போனது. அந்தக் கூடத்தில் நின்று எனக்கு அந்தக் கொப்பரை ஞாபகம்தான் வந்தது. இப்படி நூற்றுக்கும் மேல் கூடங்கள் அந்த ஊரில். 2020-ல் யுனெஸ்கோ அமைப்பு இந்தத் தெருச்சாப்பாட்டுப் பழக்கத்தை உலகப் பண்பாட்டுச் சொத்து என்று பட்டியலில் சேர்த்திருக்கிறது.

நமக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. தெரு வியாபாரிகள் சட்டம் 2014-லேயே வந்துவிட்டது. நகராட்சியில் விற்பனைக் குழு என்று ஒன்று போட வேண்டும், அதில் நூற்றுக்கு நாற்பது பேராவது வியாபாரிகள், அந்த வியாபாரிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இங்கே வண்டிக்கடை, பூக்கடை, கருவாட்டுக் கூடை வைத்திருக்கிறவர்கள் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? நம்ம ஊரில் அந்தக் குழுவில் யார் யார் பெண்கள் என்று யாருக்காவது தெரியுமா? எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. திரும்பி வந்து மனு போட்டிருக்கிறேன்.

ஆளுக்கு ஒரு தோசை சாப்பிட்டோம். மனசுக்குள் 66-ஆல் பெருக்கிப் பார்த்தேன், அப்புறம் பெருக்கக் கூடாது என்று முடிவு பண்ணிவிட்டேன். மேஜையில் ஆளே இல்லாமல் ஒரு டிஷ்யூ பேப்பர் பாக்கெட் மட்டும் கிடந்தது. எடுக்கப் போனேன். தங்கச்சி பதறிவிட்டாள். அது யாரோ இடம் பிடித்து வைத்தது, நம்ம ஊர் பஸ் சீட்டில் துண்டு போடுகிற மாதிரி. சாப்பிட்டு முடித்ததும் தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும், 2021-லிருந்து அதுவும் சட்டம்.

அங்கிருந்து தோ பாயோ. தங்கச்சி வேலை செய்கிற இடம். ரயிலைவிட்டு வெளியே வந்தால் பார்க்கிற பக்கமெல்லாம் அடுக்குமாடி. எல்லாம் அரசாங்கத்தின் வீட்டு வசதி வாரியம் கட்டினது. 1960-ல் அந்த வாரியம் ஆரம்பித்தது. ஊரே சின்ன ஊர், நம்ம புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆறில் ஒரு பங்குகூட வராது. அதில் ஏறக்குறைய 60 லட்சம் ஜனம். வேறு வழியில்லை, மேலேதான் கட்ட வேண்டும். அந்த நாட்டு ஜனங்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் இந்த வீடுகளில்தான் இருக்கிறார்கள். 99 வருஷத்துக் குத்தகை. ஒவ்வொரு கட்டிடத்திலும் சீனர் இத்தனை, மலாய்க்காரர் இத்தனை, இந்தியர் இத்தனை என்று 1989-லிருந்து அளவு வைத்திருக்கிறார்கள், ஒரே கூட்டம் ஒரே இடத்தில் சேரக் கூடாது என்று. நம்ம காலனியையும் ஊரையும் நினைத்துக்கொண்டேன். மேலே விரித்துப் பேச இது மேடை இல்லை.

கட்டிடத்துக்கு அடியில் தரைத்தளம் சுவர் இல்லாமல் வெறும் தூணாக இருக்கிறது. கல்யாணமும் அங்கேதான், சாவு காரியமும் அங்கேதான். கல் மேஜை, கல் ஸ்டூல். அதில் உட்கார்ந்தோம். தங்கச்சி மேலே காட்டி, "பதினோராவது மாடி, இடது பக்கத்துலேர்ந்து மூணாவது ஜன்னல். அதான் சமையல்கட்டு" என்றாள். மேலே போக முடியாது, அது அவள் வீடு இல்லையே. மூங்கில் கழியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அவள் காலையில் போட்ட துணி.

"அந்த ஜன்னல வெளிப்பக்கம் தொடைப்பியா?" என்று கேட்டேன்.

"கம்பிக் கதவப் பூட்டி, மேடமோ சாரோ பக்கத்துல நின்னாத்தான் தொடைக்கணும். 2012-லேர்ந்து சட்டம். அதுக்கு முன்னாடி நெறையப் பேரு விழுந்துட்டாங்க."

என் வயிற்றைப் பிசைந்தது. இரண்டரை லட்சம் பேருக்கு மேல் அந்த ஊரில் வீட்டு வேலைக்கு வெளிநாட்டுப் பெண்கள் இருக்கிறார்கள். இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், மியான்மர், நம்ம ஊர். அங்கே இருக்கிற பெண்கள் வெளியே வேலைக்குப் போக முடிகிறதென்றால், அவர்கள் வீட்டுக் குழந்தையையும் கிழவியையும் யாரோ பார்த்துக்கொள்கிறார்கள். என் தங்கச்சி பார்க்கிற பாட்டியை 'ஆமா' என்று கூப்பிடுகிறாள், சீனத்தில் அப்பத்தா. எங்கள் அம்மா கடைசி மூணு மாதம் படுக்கையில் கிடந்தபோது நான்தான் பார்த்தேன். அதே மூணு மாதமும் இவள் அந்த ஆமாவைத் தூக்கிக் குளிப்பாட்டியிருக்கிறாள்.

அந்தக் கல் மேஜையில்தான் அவள் ஒரு நோட்டை எடுத்தாள். நம்ம குழுவில் கொடுத்த பழைய வரவு செலவு நோட்டு. ஒவ்வொரு மாதமும் எழுதி வைத்திருக்கிறாள். அதில் ஒரு வரிக்குப் பக்கத்தில் 'ஞா' என்று எழுதி, 80 வெள்ளி என்று போட்டிருந்தது. மாதா மாதம். "இது என்ன?" என்றேன்.

"ஞாயித்துக்கிழமைக்கா."

விஷயம் இதுதான். அங்கே வீட்டு வேலைக்காரிக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்று 2013-ல் சட்டம் வந்தது. ஆனால் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால் அந்த நாளில் வேலை செய்துவிட்டு ஒரு நாள் கூலியை வாங்கிக்கொள்ளலாம். மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி. அப்போது அவள் சம்பளம் 520 வெள்ளி. ஒரு ஞாயிறுக்கு 20 வெள்ளி. நாலு ஞாயிறு 80 வெள்ளி. அன்றைய கணக்கில் ஏறக்குறைய நாலாயிரம் ரூபாய். 2023 ஜனவரியில்தான், மாதம் ஒரு ஓய்வு நாளையாவது காசு கொடுத்தும் வாங்கக் கூடாது என்று சட்டத்தை மாற்றினார்கள். அது வரைக்கும், ஊருக்கு வந்த பதினைந்து நாளைத் தவிர, என் தங்கச்சி ஒரு ஞாயிறுகூட எடுத்ததில்லை. மூணு வருஷத்துக்கு மேல். வீட்டைவிட்டு வெளியே வருவது மார்க்கெட்டுக்கும் ஆமாவின் ஆஸ்பத்திரிக்கும் மட்டும். இப்போதும் மாதம் மூணு ஞாயிறை விற்றுக்கொண்டுதான் இருக்கிறாள். இப்போது சம்பளம் 700, ஞாயிறுக்கு 27 வெள்ளி.

நம்ம குழுவுக்கு நான் மாதம் கட்டின அசல் எவ்வளவு தெரியுமா? நாலாயிரம். பத்துத் தவணை, ஒரு நாள்கூடத் தள்ளவில்லை. அந்த வருஷம் இதே கூட்டமைப்பு விழாவில், தவறாமல் கடன் கட்டிய உறுப்பினர் என்று எனக்கு எவர்சில்வர் குடம் கொடுத்தீர்கள். நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். அந்தக் குடத்தை நான் தினமும் கடைக்கு எடுத்துப் போகிறேன். அன்றைக்கு அந்தக் கல் மேஜையில் உட்கார்ந்து எனக்கு அழுகை வந்ததா கோபம் வந்ததா என்று இன்னும் தெரியவில்லை. "ஏன்டி சொல்லல?" என்று கத்திவிட்டேன். பக்கத்து மேஜையில் செஸ் ஆடிக்கொண்டிருந்த தாத்தா திரும்பிப் பார்த்தார். "சொன்னா நீ கடையில ராத்திரி வியாபாரமும் சேத்துப் போட்டிருப்ப" என்றாள். நிஜம்தான், போட்டிருப்பேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவளே, "வா, சிங்கத்தப் பாக்கலாம். நானும் கிட்டப் போய்ப் பாத்ததில்ல" என்றாள்.

ஆறு வருஷமாக அந்த ஊரில் இருக்கிறாள். காலண்டரில், கீ செயினில், சாக்லேட் டப்பாவில் எல்லாம் பார்த்த அந்தச் சிங்கத்தலை மீன் சிலையை நேரில் பார்த்ததில்லை. கிடைத்த ஞாயிறுகளில் பணம் அனுப்பப் போவாள், கோயிலுக்குப் போவாள், கூட்டாளிகளோடு உட்கார்ந்துவிட்டு வந்துவிடுவாள். ராஃபிள்ஸ் பிளேஸில் இறங்கி நடந்தோம். மெர்லயன் என்று பெயர். எட்டரை மீட்டர் உயரத்தில் வாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டு நிற்கிறது. 1972-ல் செய்தது, 2002-ல் இப்போது இருக்கிற இடத்துக்கு நகர்த்தினார்களாம். வாயில் தண்ணீர் விழுகிற மாதிரி நின்று எல்லாரும் போட்டோ எடுக்கிறார்கள். நாங்களும் எடுத்தோம். எனக்குச் சரியாக வரவில்லை, தண்ணீர் காதில் விழுந்தது.

எதிரே மூன்று கட்டிடங்களின் தலையில் ஒரு கப்பலைத் தூக்கி வைத்த மாதிரி அந்தப் பெரிய ஓட்டல். அதைவிட எனக்குத் தண்ணீர்தான் ஆச்சரியம். முன்னே அந்த ஆறு நாறிக் கிடந்ததாம். 1977-ல் ஆரம்பித்துப் பத்து வருஷம் சுத்தப்படுத்தியிருக்கிறார்கள். கரையிலிருந்த தள்ளுவண்டிகளை, பன்றிப் பண்ணைகளை, வாத்துப் பண்ணைகளை எல்லாம் இடம் மாற்றி, அடியிலிருந்த சேற்றை அள்ளி. 2008-ல் கடல் வாயில் ஒரு அணை கட்டி, அந்த விரிகுடாவையே குடிதண்ணீர் ஏரியாக ஆக்கிவிட்டார்கள். மலேசியாவிலிருந்து காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிற ஊர், ஒரு சொட்டையும் விட மனசில்லை. நம்ம ஊர்க் கண்மாய்களைப் பற்றி இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை.

சாயங்காலம் கடலைத் தூர்த்துப் போட்ட தோட்டத்துக்கு நடந்தே போனோம். கார்டன்ஸ் பை த பே என்பார்கள், 2012-ல் திறந்தது. கண்ணாடிக் கூடாரத்துக்குள் போக டிக்கெட். வெளித்தோட்டம் சும்மா. இரும்பில் மரம் செய்து அதன்மேல் கொடியும் செடியும் வளர்த்திருக்கிறார்கள், உயரமானது 50 மீட்டர். புல்தரையில் கட்டுச்சோற்றைப் பிரித்தேன். ஆமாம், புளிச்சோறு கொண்டு போயிருந்தேன், தங்கச்சிக்குப் பிடிக்கும் என்று. ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

அங்கேதான் கேட்டேன். "வந்துடுறியா?"

அவள் நோட்டைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். மகளுக்குக் காலேஜ் இன்னும் இரண்டு வருஷம். ஊரில் இருக்கிற மனைக்குக் கட்ட வேண்டிய பாக்கி. "வந்து நான் என்னக்கா செய்வேன்? ஒன் கடையில மாவாட்டுவேன். எனக்கு இங்க ரயில் தெரியும், ஆஸ்பத்திரி தெரியும், டாக்டர்கிட்ட இங்கிலீசுல பேசத் தெரியும். ரெண்டு வருஷம் இருந்துட்டு வர்றேன். ஆனா கடன்காரியா இல்ல." கூட்டிக்கொண்டு வரப் போனவள் நான். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. காலையிலிருந்து அவள் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தவள்தானே நான்.

ஒன்றே ஒன்று சொன்னேன். "இரு. ஞாயித்துக்கிழமைய விக்காத."

ஏழு மணிக்கு இருட்டியது. எட்டு மணிக்கு அவள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். இரும்பு மரங்களில் விளக்கு போட்டுப் பாட்டு வைக்கிற காட்சி 7.45-க்கு. ஆறு வருஷத்தில் அவள் அதையும் பார்த்ததில்லை, நேரம் ஒத்துவராது. எழுந்து புடவையைத் தட்டினேன். அவள் உட்கார்ந்தே இருந்தாள். செல்போனை எடுத்து, அக்கா வந்திருக்கிறாள், ஒன்பது மணிக்கு வரலாமா என்று மேடத்துக்கு ஆங்கிலத்தில் எழுதினாள். அனுப்புவதற்கு முன் இரண்டு தடவை அழித்தாள். அந்தம்மா கெட்டவர்கள் இல்லை, சம்பளம் பாக்கி வைத்ததில்லை. ஆனாலும் ஆறு வருஷத்தில் இவள் ஒன்றைக் கேட்பது அதுதான் முதல் தடவை.

பதில் வரவில்லை. 7.20, 7.30. "போயிடலாம் தாயி" என்றேன். "இருக்கா" என்றாள். திடீரென்று எல்லா விளக்கும் அணைந்து, பாட்டு ஆரம்பித்தது. அவ்வளவு ஜனமும் அண்ணாந்து படுத்துக் கிடக்கிறது, வெள்ளைக்காரர், சீனர், நம்ம ஊர்ப் பையன்கள், முக்காடு போட்ட இந்தோனேசியப் பெண்கள். மரம் நீலமாகிறது, சிவப்பாகிறது. நான் மரத்தைப் பார்த்ததைவிட அவள் கையிலிருந்த செல்போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் அது ஒளிர்ந்தது. "சரி, பத்திரமாக வா" என்று இரண்டு சொல்லில் ஆங்கிலத்தில். அவள் போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் புல்லில் மல்லாந்து படுத்தாள்.

பேஃபிரண்ட் ஸ்டேஷனில் பிரிந்தோம். அவளுக்கு ஒரு ரயில், எனக்கு வேறு ரயில். எக்ஸ்போவில் இறங்கி மாற வேண்டும் என்று தமிழில் எழுதிக் கொடுத்தாள். தனியாகப் போனேன். சரியாக மாறிவிட்டேன். திருச்சியில் இறங்கும்போது ராத்திரி மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. முதல் பஸ் வரும்வரை ஸ்டாண்டில் உட்கார்ந்து யோசித்ததைத்தான் இப்போது கூட்டமைப்பு முன்னால் வைக்கிறேன், தலைவி அக்கா தீர்மான நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டு வேலைக்குப் போக யாராவது குழுவில் கடன் கேட்டால், தவணை எத்தனை, ஜாமீன் யார் என்பதோடு நிறுத்தக் கூடாது. ஏஜென்ட் அரசாங்கத்தில் பதிவு பெற்றவரா என்று பார்க்க வேண்டும். இ-மைகிரேட் இணையத்தில் பட்டியல் இருக்கிறது. குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் அதற்கு வரியும் தவிர சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது. நாங்கள் கொடுத்தது 1,30,000, ரசீது கேட்கவும் தெரியவில்லை. சிங்கப்பூர்ப் பக்கத்து ஏஜென்ட்டும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், ஒப்பந்தத்தில் மாதம் எத்தனை ஓய்வு நாள் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்து போடச் சொல்ல வேண்டும். தவணை தவறாமல் வருகிறதென்றால், எதை விற்று வருகிறது என்றும் ஒரு தடவை கேளுங்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் அவளிடம் கேட்கவில்லை.

தங்கச்சி போன மாதம் கையெழுத்து போட்டுவிட்டாள். இரண்டு வருஷம். மாதம் இரண்டு ஞாயிறு லீவு என்று எழுதி வாங்கியிருக்கிறாள். போன ஞாயிறு அவளுக்கு லீவு. பொட்டானிக் கார்டன் போயிருந்தாளாம், அங்கே நுழையக் காசு இல்லை. ஒரு பெரிய மரத்தடியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிற போட்டோ அனுப்பியிருக்கிறாள். முடியைத் திரும்ப வளர்க்கிறாளாம்.